கேன்வாஸும் தோலும் கொண்டு மலைநடைக்கான முதுகுப்பை தைக்கும் முறை

மலையேறுபவர் சுமக்கும் பை பெரும்பாலும் நடுத்துணியில் கிழிவதில்லை. வார் துணியோடு சேரும் இடத்தில் அது பிய்ந்துபோகிறது, அல்லது பாறையில் வைத்து எடுக்கும் அடிப்பகுதியில் தேய்ந்து ஓட்டையாகிறது. ஆகவே சொந்தமாகப் பை தைக்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது பையின் அழகையோ பாக்கெட்டுகளின் எண்ணிக்கையையோ அல்ல; எங்கே இழுவிசை விழும், எங்கே உராய்வு நேரும் என்பதையே. அந்த இடங்களில் மட்டும் தோலை வைத்து, மற்ற எல்லாவற்றையும் கேன்வாஸுக்கு விட்டுவிடுவது என் முறை. பை முழுவதும் தோல் பட்டைகளை ஓடவிடுவது கடைக்கண்ணாடிக்குள் எடுப்பாக இருக்கும். மலையில் அது வீண் சுமை.

இந்தச் சேர்க்கை புதியதன்று. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து டுலூத் நகரில் காலணித் தொழில் செய்த கமில் பொய்ரியே 1882-இல் காப்புரிமை பெற்ற பை, தோல் வார்களும் பக்கிள் மூடியும் கொண்ட கேன்வாஸ் சாக்குதான். ஸ்வீடனில் ஓகே நூர்டின் தம் 14-ஆம் வயதில், 1950-இல், தாயாரின் மிதி தையல் இயந்திரத்தில் பருத்திப் பை தைத்து, அதைத் தோல் வார்களால் மரச்சட்டத்தில் கட்டிக்கொண்டார். பின்னாளில் அவர் தொடங்கிய ஃபியல்ராவன் நிறுவனம் இன்றும் முதுகுப்பைகளைச் செய்து வருகிறது. வீட்டில் இருக்கும் மிதி மிஷின் இந்த வேலைக்குப் போதாது என்று எண்ணுபவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

இங்கே விளக்கப்படும் பை 30 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம், 45 செ.மீ. உயரம் கொண்டது. கொள்ளளவு ஏறத்தாழ 20 லிட்டர். ஒரு நாள் நடைக்கான தண்ணீர், உணவு, மழைச்சட்டை, ஸ்வெட்டர் ஆகியவற்றை இது தாங்கும். இடுப்புப் பட்டை இல்லாததால் எட்டுக் கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பருத்திக் கேன்வாஸை அவுன்ஸ் கணக்கிலோ ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கணக்கிலோ விற்பார்கள். சதுர கெஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 34 கிராம். 10 அவுன்ஸ் துணி கைப்பைக்குத்தான் ஏற்றது. 18 அவுன்ஸ், அதாவது 610 ஜிஎஸ்எம் துணி நீண்ட நாள் உழைக்கும் என்றாலும் அதன் நான்கு அடுக்குகளைச் சாதாரண மிஷினின் ஊசி துளைக்கத் திணறும். 12 முதல் 14 அவுன்ஸ் வரை, அதாவது 400 முதல் 475 ஜிஎஸ்எம் வரையுள்ள நெருக்கமான நெசவு இந்தப் பைக்குப் பொருத்தமானது. கடையில் துணியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். இழைகளுக்கு இடையே புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரிந்தால் எவ்வளவு மெழுகு பூசினாலும் மழையை அது நிறுத்தாது. 150 செ.மீ. பன்னா (அகலம்) உள்ள துணியில் ஒன்றரை மீட்டர் வாங்கினால் எல்லாத் துண்டுகளும் கிடைத்து, சோதனைத் தையலுக்கும் மீதி இருக்கும்.

தறியிலிருந்து வந்த கோராத் துணியைக் கட்டாயமாகக் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, சற்று ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் பெருமழையில் துணி சுருங்கும், தோல் சுருங்காது. இரண்டும் சேரும் இடமெல்லாம் கொசுவிக்கொள்ளும்.

தோலைத் தேர்ந்தெடுத்தல்

தோல் விஷயத்தில் தமிழ்நாட்டில் இருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. மரப்பட்டைச் சாற்றில் தோல் பதனிடும் பழைய முறை திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி வட்டாரங்களில் நெடுங்காலம் தழைத்தது. முன்பு ஆவாரம் பட்டையும் பிறகு வேட்டில் மரப்பட்டையும் கொண்டு பதனிட்டு, கடுக்காய்ச் சாற்றில் முடித்த அந்தத் தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் ஏற்றுமதியாகி, இன்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. சென்னையில் பெரியமேட்டுத் தோல் கடைகளில் இத்தகைய பட்டைத் தோலும், அதைவிட அதிகமாகக் குரோம் தோலும் கிடைக்கும்.

வார்களுக்குப் பட்டைத் தோல்தான் வேண்டும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, நீரையும் எளிதில் ஏற்காது. ஆனால் அது சுமையில் நீண்டுகொண்டே போகும், விளிம்பைத் தேய்த்து மெருகேற்றவும் இடம் தராது. வெட்டு விளிம்பைப் பார்த்தே இரண்டையும் பெரும்பாலும் பிரித்துவிடலாம். பட்டைத் தோலின் உள்பகுதி பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவே சாம்பல் அல்லது இளநீலச் சாயல் தெரியும். சாயமும் பூச்சும் இல்லாத பட்டைத் தோலில் ஒரு சொட்டு நீர் விட்டால் அது உடனே உறிஞ்சிக் கறுக்கும்.

தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். இந்தப் பைக்கு உண்மையில் செலவாகும் தோல் இரண்டு சதுர அடிக்கும் குறைவே. சேதாரத்தையும் சேர்த்து மூன்று சதுர அடி வாங்கலாம். ஆனால் பரப்பைவிட எந்தப் பகுதியிலிருந்து வெட்டப்பட்டது என்பதே முக்கியம். விலங்கின் முதுகெலும்பை ஒட்டிய பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி தளர்வானது, இழுத்தால் நீளும். தோள்வார்களை முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்புக்கு இணையாக வெட்ட வேண்டும். குறைந்தது 60 செ.மீ. நீளமும் மூன்று மி.மீ. தடிமனும் உள்ள துண்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. அடிப்பகுதிக்கும், வார் சேரும் இடத்தில் துணியின் உட்புறம் வைக்கும் உள்பட்டிக்கும் இரண்டு மி.மீ. போதும், அவற்றை வயிற்றுப் பகுதியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம்.

சாயம் போட்ட தோலானால் ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்க வேண்டும். துணியில் ஒட்டும் சாயம் வியர்வையில் சட்டையிலும் ஒட்டும். பக்கிளும் ரிவெட்டும் பித்தளையாகவோ செம்பாகவோ இருக்கட்டும். இரும்பு நனைந்தால் பட்டைத் தோலிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு வினைபுரிந்து, எளிதில் போகாத கருநீலக் கறையை உண்டாக்கும். முலாம் பூசிய மலிவான பக்கிளைக் கண்டறிய அதன் பின்புறத்தை அரத்தால் இலேசாக ஒரு முறை தேய்த்தால் போதும்.

வெட்ட வேண்டிய அளவுகள்

எல்லாத் தையலுக்கும் ஒன்றரை செ.மீ. விடப்பட்டுள்ளது. முன்புறமும் இரு பக்கங்களும் சேர்ந்த ஒரே துண்டு 63 செ.மீ. அகலமும் 51.5 செ.மீ. உயரமும் கொண்டது. முதுகுப்புறம் 33 செ.மீ. அகலம், அதே உயரம். இதில் இரண்டு வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க வேண்டும். அடிப்பகுதி 33-க்கு 18 செ.மீ. மேல்மூடி 35-க்கு 40 செ.மீ. உள்பாக்கெட்டுக்கு 25-க்கு 20 செ.மீ. அளவில் ஒரு துண்டு. உயரம் எப்போதும் பாவு நூலின் திசையில், அதாவது துணியின் கரைக்கு இணையாக அமைய வேண்டும்.

தோலில் வெட்ட வேண்டியவை: தோள்வார் இரண்டு, 5 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம், கீழ்நுனியில் இரண்டரை செ.மீ. அகலமாகக் குறுகுபவை; பையின் அடிப்பக்கத்திலிருந்து வந்து தோள்வாரின் பக்கிளில் மாட்டும் கீழ்வார் இரண்டு, இரண்டரை செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளம்; மூடிவார் இரண்டு, 2 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளம்; தூக்குப்பிடி ஒன்று, 2 செ.மீ. அகலம், 22 செ.மீ. நீளம்; முன்புறப் பக்கிள்களைப் பிடிக்கும் 2 செ.மீ. அகலத் துண்டுகள் இரண்டு. உள்பட்டி ஒன்று, 17-க்கு 9 செ.மீ.; அடித்தோல் ஒன்று, 28.5-க்கு 13.5 செ.மீ., மூலைகள் வளைந்தது. முதலில் அட்டையில் வெட்டி, தோள்வாரை உடம்பில் வைத்துப் பார்த்துவிட்டே தோலில் கத்தி வைக்க வேண்டும். உயரமானவருக்கு 45 செ.மீ. போதாமல் போகலாம்.

தோல் வேலை

தோலைக் கையால்தான் தைக்க வேண்டும். வீட்டு மிஷின் இரண்டு மி.மீ. தோலை ஒருவேளை துளைக்கலாம். ஆனால் மிஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று நடுவில் கொக்கியாகப் பிடித்திருப்பதால், ஒரு நூல் அறுந்தால் அக்கம்பக்கத்துத் தையலும் உருவிக்கொண்டு வரும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிரே கடந்து செல்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறு நூல் அதே துளைகளில் இறுக்கமாக நிற்கும்.

விளிம்பிலிருந்து நான்கு மி.மீ. உள்ளே ஒரு கோடு கீறி, அதன்மேல் நான்கு மி.மீ. இடைவெளியில் துளைகளைக் குறித்து, குத்தூசியால் நேர்குத்தாகத் துளைக்க வேண்டும். தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துளையிலும் இடது ஊசி முன்னே, வலது ஊசி பின்னே என்ற வரிசை மாறாமல் இருந்தால் தையல் சீராகச் சாயும். முடிவில் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டலாம். லினன் நூலின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆடி மழையில் அது ஊறி இற்றுப்போகும். ஒரு மி.மீ. அளவுள்ள மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல் இங்கே ஏற்றது.

பக்கிள் ஏறும் முனைகளில் தோலை உட்புறமாகப் பாதித் தடிமனுக்குச் சீவி, ஐந்து செ.மீ. மடிக்க வேண்டும். மடிப்பின் நடுவே பக்கிள் முள்ளுக்காக இரண்டு செ.மீ. நீளமுள்ள பிளவு தேவை. அதன் இரு முனைகளிலும் வட்டத் துளை இட்டு இடையிலுள்ள தோலை வெட்டினால் பிளவு மேற்கொண்டு கிழியாது. மடிக்கும் இடத்தை ஈரமாக்கி, மடித்துக் கிடுக்கி போட்டு ஓர் இரவு விட்டுவிட்டால் தோல் வெடிக்காமல் படியும். கீழ்வாரில் இரண்டரை செ.மீ. இடைவெளியில் ஆறேழு துளைகள் போதும். விளிம்புகளை இலேசாகச் சீவி, ஈரத்துணியால் தடவி, வழவழப்பான மரத்துண்டால் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். இது வெறும் மெருகுக்காக அன்று. மழுங்காத விளிம்பு கழுத்தையும் அக்குளையும் அறுக்கும். தோள்வாரின் உட்புறத்தில் ஐந்து மி.மீ. கம்பளி ஃபெல்ட் வைத்துத் தைப்பவர்கள் உண்டு. மெலிந்த தோள் உடையவருக்கு அது தேவைப்படும். மற்றவர்கள் முதலில் அது இல்லாமல் நடந்து பார்க்கலாம்.

வாரைத் துணியோடு சேர்த்தல்

பையின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த வேலைதான். இரண்டு முதுகுத் துண்டுகளையும் அடுக்கி ஓரம் சுற்றித் தைத்துக்கொண்டு, வாய்ப்புறத்தின் முடிவுக் கோட்டிலிருந்து (மேல்விளிம்பில் மடிப்புக்கான ஐந்து செ.மீ. போக) 15 செ.மீ. கீழே ஒரு கோடும் 8 செ.மீ. கீழே ஒரு கோடும் போட வேண்டும். தோள்வாரின் மேல்முனை ஏழு செ.மீ. நீளத்துக்கு இந்த இரு கோடுகளுக்கிடையே படிந்து, மீதி வார் மேல்நோக்கி வெளியேறும்படி வைக்க வேண்டும். கீழ்நோக்கித் தொங்கும்படி வைக்கக் கூடாது. வார் மேல்நோக்கிக் கிளம்பித் தோளில் வளையும்போது சுமை எல்லாத் தையலிலும் ஒருசேரப் பக்கவாட்டாக விழுகிறது. கீழ்நோக்கி வைத்தால் அதே சுமை வாரைத் துணியிலிருந்து உரிக்கப் பார்க்கும்; முதல் தையல், பிறகு அடுத்தது என ஒவ்வொன்றாக அறும். கடையில் வாங்கிய பல பைகள் இந்த இடத்தில் பிய்வதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம்.

இரு வார்களுக்கும் இடையே மேலே ஐந்து செ.மீ. இடைவெளி விட்டு, அவை சற்றே சாய்ந்திருக்குமாறு அமைத்து, அந்த இடைவெளியில் தூக்குப்பிடியின் இரு முனைகளையும் அருகருகே வைக்க வேண்டும். துணியின் உட்புறத்தில் 17-க்கு 9 செ.மீ. உள்பட்டியை வைத்து, வார், துணி, உள்பட்டி மூன்றையும் ஊடுருவி, ஒவ்வொரு வாரையும் செவ்வகமாகச் சுற்றித் தைத்து, நடுவே பெருக்கல் குறியாக இரண்டு வரிசை ஓட்ட வேண்டும். துணி இப்போது இரண்டு தோல்களுக்கு நடுவே அகப்பட்டிருக்கிறது. விசை ஒரு கோட்டில் விழாமல் பரப்பாகப் பிரியும்.

ரிவெட்டைப் பலர் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். கேன்வாஸில் மட்டும் அடித்த ரிவெட், சுமை முழுவதையும் ஒரு துளையைச் சுற்றியுள்ள சில இழைகளின் மீது ஏற்றி அவற்றை மெல்ல அறுக்கும். இருபுறமும் தோல் உள்ள இடத்தில், தையலுக்குத் துணையாக வாருக்கு ஒன்று வீதம் வாஷர் உள்ள செம்பு ரிவெட் அடிக்கலாம். தோலில் துளை வெட்டலாம், துணியில் வெட்டக் கூடாது. குத்தூசியால் இழைகளை விலக்கி வழி செய்ய வேண்டும்.

கீழ்வாருக்கு ஒன்பது செ.மீ. அடியும் ஏழு செ.மீ. உயரமும் உள்ள கேன்வாஸ் முக்கோணங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, இரு பக்கம் தைத்துப் புரட்டி, திறந்த பக்கத்தைப் பின்னால் பக்கத் தையலுக்குள் கொடுக்க வேண்டும். கீழ்வாரின் முனையை அந்த முக்கோணத்தின் நுனிப்பகுதியில் ஐந்து செ.மீ. நீளத்துக்குக் கையால் தைக்கலாம். இப்படிச் செய்தால் மிஷின் தைக்கும் எந்த இடத்திலும் தோல் குறுக்கிடாது.

அடித்தோலுக்கும் இதே தந்திரம்தான். அதைத் தையல் கோட்டுக்குள் அடங்கும்படி சிறிதாக வெட்டியதற்குக் காரணம், அடித்துணியின் நடுவில் அதை முதலிலேயே கையால் தைத்துவிட்டு, பிறகு துணியோடு துணியை மட்டும் மிஷினில் இணைக்கலாம் என்பதே. தோல் இரண்டு மி.மீ. உயர்ந்து நிற்பதால் பையைத் தரையில் வைக்கும்போது ஓரத் தையல் தேய்வதும் பெருமளவு குறையும்.

பையை இணைத்தல்

மிஷினில் 18-ஆம் எண் ஊசியும் தடித்த பாலியஸ்டர் நூலும் போட்டு, தையல் நீளத்தை மூன்றரை முதல் நான்கு மி.மீ. வரை வைக்க வேண்டும். வெயிலில் நைலான் நூல் விரைவாக வலுவிழக்கும் என்பதால் பாலியஸ்டரே மேல். தோல் தைக்கும் ஊசியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் கத்தி போன்ற முனை துணி இழைகளை வெட்டிவிடும். தடித்த இடங்களை மரச்சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, மிதிக்காமல் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தால் ஊசி உடையாது.

முன்புறத் துண்டில் பக்கிள் துண்டுகளை, அவற்றின் பின்னே சிறு தோல்பட்டி வைத்து, முதலில் தைத்துவிட வேண்டும். உள்பாக்கெட்டை முதுகுப் பகுதியின் உட்புறத்தில், உள்பட்டிக்குக் கீழே வைக்கலாம். பிறகு முன்துண்டையும் முதுகையும் இரு பக்கத்திலும், முக்கோணங்களை இடையில் கொடுத்து இணைக்க வேண்டும். முக்கோணத்தின் கீழ்விளிம்பு அடித்தையலுக்கு இரண்டு செ.மீ. மேலே இருக்கட்டும். பக்கத் தையலைக் கீழ்விளிம்புக்கு ஒன்றரை செ.மீ. முன்பே நிறுத்தினால்தான் அடிப்பகுதியின் மூலை திரும்பும். முன்பக்க மூலைகளில் அதே நோக்கத்துக்காகத் துணியில் 1.2 செ.மீ. ஆழத்துக்குக் கத்தரி கொடுக்க வேண்டும். அடியை இரண்டு முறை சுற்றித் தைத்து, பிசிறும் விளிம்புகளைப் பருத்தி நாடாவால் மூடிவிடலாம்.

வாய்ப்புறத்தில் ஒரு செ.மீ.யும் பிறகு நான்கு செ.மீ.யும் உள்மடித்துத் தைத்தபின், வாயைச் சுருக்கும் கயிற்றைக் கோக்க ஏழரை செ.மீ. இடைவெளியில் பன்னிரண்டு பித்தளை ஐலெட்டுகள் (துளை வளையங்கள்) அடிக்க வேண்டும். முன்புற நடுக்கோடு இரண்டு ஐலெட்டுகளுக்கு மத்தியில் வருமாறு தொடங்கினால் கயிற்றின் இரு முனைகளும் முன்பக்கம் வெளிவரும். மேல்மூடியின் மூன்று பக்கங்களை ஒன்றரை செ.மீ. மடித்துத் தைத்து, நான்காவது பக்கத்தை உள்மடித்து முதுகில் வாய்க்கு ஐந்து செ.மீ. கீழே இரண்டு வரிசையாக இணைக்க வேண்டும். மூடிவார்களைக் கடைசியில் தைப்பதே சரி. பையை நிரப்பி, மூடியைப் போட்டுப் பார்த்தால்தான் அவை முன்புறப் பக்கிளுக்கு நேராக விழும் இடம் தெரியும்.

மெழுகும் பராமரிப்பும்

ஒரு பங்கு தேன்மெழுகும் இரண்டு பங்கு பாரஃபின் மெழுகும் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்கி, கட்டியாக வார்த்துக்கொள்ள வேண்டும். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். 150 கிராம் இருந்தால் இந்தப் பைக்குப் போதும். கட்டியைத் துணியில் தேய்த்து, ஹேர் டிரையரால் சூடாக்கினால் மெழுகு இழைக்குள் இறங்கும். தோலின் பக்கம் சூடு போகக் கூடாது, குறிப்பாகத் தோல் ஈரமாக இருக்கும்போது. நனைந்த பட்டைத் தோல் சூட்டில் சுருங்கி விறைத்தால் மீளாது. சமவெளியில் வசிப்பவர்கள் மெழுகை மெல்லியதாகவே பூச வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் தடித்த பூச்சு பிசுபிசுக்கும். முதுகுப்புறத்தில் நான் மெழுகே பூசுவதில்லை. சட்டையில் ஒட்டும், வியர்வையும் வெளியேறாது.

பை முடிந்ததும் எட்டுக் கிலோ அரிசியை உள்ளே வைத்து, தோள்வார்களில் ஓர் இரவு தொங்கவிட வேண்டும். வார்கள் சிறிது நீள்வது இயல்பு. ஒன்று மற்றதைவிட அதிகம் நீண்டால் கீழ்வாரில் துளையை மாற்றிச் சரிசெய்யலாம். தையல் துளை ஏதேனும் நீள்வட்டமாக இழுபட்டிருந்தால் அந்த வரிசையைப் பிரித்துப் புதிதாகத் தைத்த பிறகே மலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பையின் எடை இந்த நிலையில் ஒன்றேகால் கிலோவை ஒட்டி இருக்கும். நைலான் பையைவிட இது கனம்தான்.

மெழுகு பூசிய துணியைச் சோப்பு போட்டோ வெந்நீரிலோ துவைக்கக் கூடாது. சேறு காய்ந்ததும் தூரிகையால் தட்டினால் உதிர்ந்துவிடும். மழையில் நனைந்த பையை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல் நிழலில், காற்றோட்டத்தில், வாய் திறந்த நிலையில் தொங்கவிட வேண்டும். தோல் உலர்ந்து விறைப்பாகத் தோன்றினால் விளக்கெண்ணெயை விரல்நுனியில் தொட்டுத் தடவலாம். அதிகம் ஊட்டினால் வார் தளர்ந்து நீளும். மழைக்காலத்தில் பீரோவுக்குள் பூட்டி வைத்த தோலில் வெண்பூஞ்சை படருவது நம் ஊரில் தவிர்க்க முடியாதது. அதை வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் இளவெயில் காட்டிய பின், மிக மெல்லியதாகத் தேன்மெழுகு தேய்த்து வைக்க வேண்டும். துணியின் மடிப்புகளிலும் அடி மூலைகளிலும் மெழுகு முதலில் போகும். நீர் முத்தாக உருளாமல் ஊறத் தொடங்கிய அந்த இடங்களுக்கு மட்டும் மறுபூச்சு போதுமானது.